செருப்பு நிற்காத கால்

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், ஈரோட்டில் 27 ஆண்டுகளாக இயன்முறை சிகிச்சை அளித்து வருபவர்.

கேள்வி: நாலு நாள் தொடர்ந்து தோட்டத்தில் குத்தவைத்து உட்கார்ந்து சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுத்தேன். ஐந்தாம் நாள் காலையில் வலது காலில் செருப்பு நிற்கவில்லை. நடந்தால் கழன்று விழுகிறது, வாசல்படி தடுக்குகிறது. வலி கொஞ்சமும் இல்லை. பக்கவாதம் என்கிறார் மாமியார், முதுகு ஜவ்வு விலகிவிட்டது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எனக்கு வயது 43.
– ஒரு வாசகி, பெரம்பலூர் மாவட்டம்

பதில்: செருப்பு நிற்கவில்லை என்று எழுதினீர்களே அம்மா, பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிட்டது. பாதத்தையும் விரல்களையும் மேலே தூக்கிப் பிடிக்கிற தசைகள் வேலை செய்தால்தான் ரப்பர் செருப்பு காலோடு வரும். உங்களுக்கு அந்தத் தசைகளுக்குப் போகும் நரம்பு நசுங்கியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வலது முட்டிக்கு வெளிப்பக்கம், சற்றுக் கீழே விரலால் தடவிப் பாருங்கள். கோலிக்குண்டு மாதிரி ஒரு எலும்பு மேடு தட்டுப்படும். அதற்கு அடியில் எலும்பு ஒடுங்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு பெரோனியல் நரம்பு போகிறது. இதன் தாய் நரம்பான சியாட்டிக், உடம்பிலேயே தடிமனான நரம்பு. பிட்டத்துக்குள் ஏறத்தாழ கட்டைவிரல் அகலம் இருக்கும். அங்கே கனத்த சதைக்கு அடியில் பத்திரமாகக் கிடக்கிறது. முட்டிக்கு மேலே இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை இந்த எலும்பு மேட்டுக்கு வரும்போது மேலே தோலைத் தவிர பெரிதாக ஒன்றும் மூடுவதில்லை. குத்தவைத்தால் முட்டி முழுக்க மடங்குகிறது. நரம்பு இழுபட்டு, தசைநாருக்கும் எலும்புக்கும் நடுவே நசுங்குகிறது. மணிக்கணக்கில் அப்படியே இருந்தால் சேதி போவது நின்றுவிடும். வெளிநாடுகளில் ஸ்ட்ராபெர்ரி பறிப்பவர்களுக்கு இது வருவதால் அவர்கள் பெயரையே இந்த வாதத்துக்கு வைத்திருக்கிறார்கள். இங்கே களையெடுப்பவர்களிடமும் வெங்காயம் அறுப்பவர்களிடமும் நான் பார்க்கிறேன். காலுக்கு இறுக்கிப் போட்ட மாவுக்கட்டும் இதைச் செய்யும். சட்டென்று உடம்பு இளைத்தவர்கள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தே இருந்தாலும் வரும்.

சரி, மற்ற இரண்டும் இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? வாய் கோணுவது, பேச்சு குழறுவது, அதே பக்கக் கை தளர்வது, இதில் எது இருந்தாலும் பக்கவாதமாக நினைத்து அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். முதுகைப் பற்றிய சந்தேகத்துக்கு நான் ஒரு சோதனை செய்வேன். பாதத்தை உள்பக்கமாகத் திருப்பச் சொல்லி என் கையால் எதிர்த்துப் பிடிப்பேன். அந்தத் தசைக்கு நரம்பு வருவது இன்னொரு கிளையிலிருந்து. அது பலமாகத் திரும்பினால் கோளாறு முட்டிப் பக்கம் என்று எண்ணுவேன். அதுவும் தளர்ந்திருந்தால் முதுகில் நரம்பு வேரைத் தேடச் சொல்வேன்.

நரம்பியல் மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். நரம்பில் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் பரிசோதனை, சேதம் எவ்வளவு என்பதைத் தெளிவாகக் காட்ட சுமார் 3 வாரம் ஆகும். அதனால் திரும்ப ஒருமுறை எடுக்கச் சொன்னால் சலித்துக்கொள்ளாதீர்கள். நரம்பின் மேலுறை மட்டும் நசுங்கியிருந்தால் சில வாரங்களில், அதிகம் போனால் இரண்டு மூன்று மாதங்களில் பாதம் தூக்கும். உள்ளிருக்கும் இழைகள் அறுந்திருந்தால் அவை திரும்ப வளர வேண்டும். அது நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். 10 சென்டிமீட்டர் போக 100 நாள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதுவரை பாதத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை போட்டு நடங்கள். தினமும் கையால் பாதத்தை மேலே மடக்கி, குதிகால் இறுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இனிமேல் குத்தவைப்பதே கூடாது. சின்ன முக்காலி ஒன்று தோட்டத்துக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: ஆறு மாதமாக இடது தொடையின் வெளிப்பக்கம் எரிகிறது, மரத்தும் போகிறது. பேன்ட் உரசினாலே கூசுகிறது. செக்யூரிட்டி வேலை, 12 மணி நேரம் நிற்கிறேன். கால் செயலிழந்துவிடுமா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: செயலிழக்காது. நீங்கள் சொல்லும் இடத்துக்கு வருவது தோலுக்கு உணர்ச்சி தரும் நரம்பு. அது எந்தத் தசைக்கும் போவதில்லை. முன்பக்க இடுப்பெலும்பின் முனைக்கு அருகே, கவட்டையில் இருக்கும் ஒரு பட்டைக்கு அடியில் புகுந்து வெளியே வருகிறது. பெல்ட்டும் தொப்பையும் சேர்ந்து அழுத்துவது அந்த இடத்தில்தான். பெல்ட்டை இரண்டு துளை தளர்த்துங்கள். சர்க்கரை பாருங்கள். எடை கூடியிருந்தால் குறையுங்கள். முட்டி மடங்கித் துவண்டாலோ முதுகு வலித்தாலோ இது வேறு விஷயம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 4 வயது. காய்ச்சலுக்குப் பிட்டத்தில் ஊசி போட்டார்கள். உடனே வீறிட்டான், அன்று மாலையிலிருந்து பாதம் தொங்குகிறது. பத்து நாள் ஆகிறது. "தானாகச் சரியாகும்" என்கிறார்கள்.
– ஒரு தாய், விழுப்புரம் மாவட்டம்

பதில்: காத்திருக்காதீர்கள் அம்மா. நாளைக்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திடீரென்று கால் தளர்ந்தால் போலியோ கண்காணிப்புக்காக இரண்டு முறை மலம் எடுத்துப் பரிசோதிப்பார்கள். பயப்பட வேண்டாம். இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட கடைசி நோயாளி இந்தியாவில் 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டதுதான். அது திரும்ப வராமல் பார்க்கும் காவல் இது.

என் தம்பிக்கு மூன்று வயதில் இதேதான் நடந்தது. அன்று எங்கள் வீட்டிலும் "தானாகச் சரியாகும்" என்றுதான் எட்டு மாதம் இருந்தார்கள். இன்று அவனுக்கு 41 வயது. இடது கெண்டைக்கால் மெலிந்திருக்கிறது, இடது பாதம் சிறியது. ஒரு ஜோடி செருப்புக்காக இரண்டு அளவில் இரண்டு ஜோடி வாங்குகிறான். உங்கள் மகனுக்கு இப்போதே பட்டையும் பயிற்சியும் தொடங்கினால் குதிகால் இறுகாது. பாதம் முன்னேறுகிறதா என்று மாதாமாதம் காட்டுங்கள். சில மாதங்கள் போயும் அசைவே வராவிட்டால் நரம்பு அறுவை மருத்துவர் பார்க்க வேண்டும்.

மற்ற பெற்றோருக்கு ஒன்று. சின்னக் குழந்தையின் பிட்டத்தில் சதை குறைவு, சியாட்டிக் நரம்பு ஊசி முனைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அரசு தடுப்பூசி முகாமில் கைக்குழந்தைக்கு பென்டாவேலன்ட் ஊசியைத் தொடையின் முன் வெளிப்பக்கத்தில்தான் போடுவார்கள், கவனித்திருப்பீர்கள். வேறு ஊசி போட நேர்ந்தாலும் "தொடையில் போடுங்கள்" என்று கேளுங்கள். அதற்கு முன்னால், வாய்வழி மருந்து போதாதா என்றும் கேளுங்கள்.

கேள்வி: கபடியில் எதிராளியின் முட்டி என் தொடையில் இடித்தது. மறுநாளிலிருந்து மூன்று நாள் எண்ணெய் போட்டு அழுத்தி உருவினார்கள். ஐந்து வாரமாகிறது. தொடைக்குள் கல் மாதிரி கட்டி, முட்டி பாதிதான் மடங்குகிறது. வயது 19.
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: எக்ஸ்ரே எடுங்கள் தம்பி. அடிபட்ட தசைக்குள் ரத்தம் கட்டி, அந்த இடத்தில் எலும்பு உருவாகத் தொடங்கியிருக்கலாம். ஆமாம், தசைக்குள் எலும்பு. புதுக் காயத்தை அழுத்தி உருவினால் ரத்தக்கசிவு கூடி இதற்கு வழிவிடும். இப்போது யாரும் முட்டியை வலிந்து மடக்கக் கூடாது. வலிக்காத அளவுக்கு நீங்களே மடக்கி நீட்டுங்கள். பெரும்பாலும் சில மாதங்களில் கட்டி அடங்கி, கால் மடங்க ஆரம்பிக்கும். அறுவைச் சிகிச்சை அரிதாகத்தான் தேவைப்படும். அதுவும் அந்த எலும்பு முற்றிய பிறகுதான். அடுத்த முறை யாருக்காவது இப்படி அடிபட்டால், முட்டியைத் தாங்கும் மட்டும் மடக்கிக் கட்டி, ஐஸ் வைத்து, ஒரு நாள் அப்படியே விடுங்கள். எண்ணெய்ப் பாட்டில் பக்கத்திலேயே வரக்கூடாது.

கேள்வி: டீக்கடையில் 20 வருடமாக நிற்கிறேன். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு பச்சையாகப் புடைக்கிறது. நரம்பு டாக்டரிடம் டோக்கன் போடட்டுமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். அது ரத்தக்குழாய். நம் பேச்சில் ரத்தக்குழாயும் நரம்புதான், குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி இருக்கும் தசைநாரும் நரம்புதான். அதனால்தான் இத்தனை குழப்பம். ரத்தக்குழாய் அறுவை மருத்துவரைப் பாருங்கள், டாப்ளர் ஸ்கேன் எடுப்பார். கடையில் நிற்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். கெண்டைக்கால் சதை இறுகும்போது ரத்தத்தை மேலே தள்ளும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிச் சூடாக வலித்தால், உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்தக் காலை யாரையும் உருவ விடாதீர்கள்.