வாசகர் கேள்வி பதில்: மறைந்த நண்பரைப் படமாக்குதல்

கேள்வி: என் நெருங்கிய நண்பர் சென்ற ஆண்டு காலமானார். வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே, கதையோ வசனமோ இல்லாத குறும்படங்களை, சிறிய படச்சுருளில் பதியும் சூப்பர் 8 கேமராவில் எடுத்துவந்தவர். புதுச்சேரியின் பழைய துறைமுகப் பாலத்தை மட்டுமே வெவ்வேறு வெளிச்சத்தில் பல சுருள்கள் எடுத்திருக்கிறார். எங்கள் சிறு வட்டத்துக்கு வெளியே அவற்றைப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. அவரைப் பற்றி ஆவணப்படம் எடுக்க முனைந்து, பலரிடம் பேட்டியும் எடுத்துவிட்டேன். எல்லோரும் அன்பாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் தொகுத்துப் பார்த்தால் அதில் அவர் இல்லை. கடைசிக் காலத்தில் எங்களுக்குள் மனத்தாங்கலும் இருந்தது. அதைப் படத்தில் சொல்லலாமா?
(ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

பதில்: தங்கள் இழப்புக்கு என் மனமார்ந்த ஆறுதல். பேட்டிகளைப் பற்றி எழுதிய தாங்கள், நண்பரின் படங்களை இந்த ஆவணப்படத்தில் எப்படிப் பயன்படுத்தினீர்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. வழக்கமாக நடப்பது இதுதான்: ஒருவர் பேசிக்கொண்டிருக்க, அந்தப் பேச்சுக்கு அடியில் மறைந்தவரின் காட்சி ஐந்தாறு நொடி ஓடி மறையும். கதை சொல்லும் இயக்குநருக்கு இப்படிச் செய்தால் பெரிய பாதகம் இல்லை. காட்சியின் நீளத்தையும் வெளிச்சத்தின் மாற்றத்தையும் மட்டுமே நம்பிப் படம் எடுத்த ஒருவரின் காட்சியை ஐந்து நொடியாக நறுக்கினால், அவர் சொன்னதில் எதுவுமே மிஞ்சாது.

கோடாக் நிறுவனம் 1965-இல் கொண்டுவந்த சூப்பர் 8 கேசட்டில் 50 அடி படச்சுருள் இருக்கும். அதில் ஏறத்தாழ 3,600 ஃபிரேம்கள், அதாவது தனித்தனி நிழற்படங்கள். நொடிக்கு 18 ஃபிரேம் வேகத்தில் எடுத்தால் 3 நிமிடம் 20 நொடியில் முடிந்துவிடும். மாதச் சம்பளத்திலிருந்து சுருள் வாங்கியவர், பொத்தானை எப்போது அழுத்துவது, எப்போது விடுவது என்பதை எவ்வளவு யோசித்துச் செய்திருப்பார் என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே ஒரு சுருளையாவது தொடக்கம் முதல் முடிவுவரை, மேலே எவர் குரலும் இசையும் ஏற்றாமல், முழுதாக ஓடவிடுங்கள். ஒலியின்றி எடுத்த படம் என்றால் ஒலியின்றியே ஓடட்டும். கேமரா நின்று மறுபடி ஓடத் தொடங்கும் இடத்தில் ஓரிரண்டு ஃபிரேம்கள் வெளிறிப்போய்ப் பளிச்சென்று தெரியும். தொகுப்பாளர்கள் அதைப் பிழையென்று வெட்டிவிடத் துடிப்பார்கள். வெட்ட விடாதீர்கள். அவர் விரல் பொத்தானை அழுத்திய கணம் அங்கேதான் பதிவாகியிருக்கிறது.

இன்னொன்றையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 18 ஃபிரேம் வேகத்தில் எடுத்ததை ஸ்கேன் செய்து, 25 ஃபிரேம் வேகத்தில் அப்படியே ஓட்டினால், 3 நிமிடம் 20 நொடிப் படம் 2 நிமிடம் 24 நொடியாகச் சுருங்கிவிடும். அலைகள் அவசரப்படும், கரையில் நடப்பவர்கள் ஓட்டமும் நடையுமாகப் போவார்கள், பொறுமையே உயிராக இருந்த படம் பரபரப்பான படமாகிவிடும். ஸ்கேன் செய்பவரிடம் அசல் வேகத்தை எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

1962-இல் கட்டப்பட்ட அந்தப் பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச் மாதம் இடிந்து விழுந்தது. தங்கள் நண்பரின் சுருள்கள் இன்று ஊருக்கே ஆவணமாகிவிட்டன என்பதில் ஐயமில்லை. ஆனால் நிற்கும் பாலத்தைக் காட்டி, அடுத்து இடிந்த பாலத்தைக் காட்டி, அதை அவர் மரணத்துக்குக் குறியீடாக்கும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். அவர் பாலத்தைப் பாலமாகவே பார்த்தவர் என்று தங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது.

பேட்டிகளை முற்றிலும் கைவிட வேண்டாம்; கேள்விகளை மாற்றுங்கள். "அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனுஷர்" என்றுதான் யாரும் சொல்வார்கள். உடன் போனவரிடம், ஒரு காட்சிக்காக அவர் எவ்வளவு நேரம் காத்திருப்பார், எந்த வெளிச்சத்தில் எடுக்காமல் திரும்பிவிடுவார், முக்காலியை எங்கே நிறுத்துவார் என்று கேளுங்கள். முடிந்தால் அதே இடத்தில் நின்று பதில் சொல்லச் சொல்லுங்கள்.

மனத்தாங்கலைச் சொல்லலாம் என்பதே என் கருத்து. 1989-இல் மறைந்த சோவியத் இயக்குநர் அலெக்சாந்தர் மெத்வெத்கினைப் பற்றி, அவருடைய நண்பரான பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ் மார்க்கர் எடுத்த ஆவணப்படம், இறந்தவருக்கு எழுதிய ஆறு கடிதங்களாக அமைந்தது. நியூயார்க்கில் வாழ்ந்த லிதுவேனியர் ஜோனஸ் மெகாஸ், 1978-இல் இறந்த தன் நண்பர் ஜார்ஜ் மசியூனஸைப் பற்றிய படத்தில், தான் பல ஆண்டுகளாக எடுத்துவைத்த காட்சிகளை ஓடவிட்டு, நண்பரின் கடைசி நாட்களைப் பற்றிய தன் நாட்குறிப்பைத் தன் குரலிலேயே வாசித்தார். இருவருமே நடுநிலையாளர் வேடம் போடாமல், நண்பராகவே பேசினார்கள். தாங்களும் தங்கள் குரலிலேயே பேசுங்கள். பிணக்கு படக்கலை சார்ந்தது என்றால் வெளிப்படையாகச் சொல்லி, அவர் தரப்பு நியாயத்தைத் தங்களுடையதைவிட ஒரு படி கூடுதலாகவே எடுத்துவையுங்கள். மறுத்துப் பேச அவர் இல்லை. வீட்டு விவகாரம் சார்ந்தது என்றால் விட்டுவிடுங்கள். அவர் பாணியில் தாங்களும் படம் பிடிக்க முயல வேண்டாம் என்பதையும் அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: என் அண்ணன் எடுத்த சூப்பர் 8 சுருள்கள் ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன. தானே புயலின்போது பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. இப்போது திறந்தால் வினிகர் வாடை அடிக்கிறது. பழைய ப்ரொஜெக்டரில் போட்டுப் பார்க்கலாமா?
(ஒரு வாசகி, கடலூர் முதுநகர்)

பதில்: வேண்டாம் அம்மா, தயவுசெய்து போடாதீர்கள். அந்த வாடை, படிமத்தைத் தாங்கும் அசிடேட் என்ற பிளாஸ்டிக் அடித்தளம் சிதைந்து அசிட்டிக் அமிலம் வெளிவருவதன் அறிகுறி. இப்படிச் சிதையும் சுருள் சுருங்கும். ப்ரொஜெக்டரின் பற்கள் துளைகளில் சரியாகப் பொருந்தாமல் கிழித்துவிடும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த நம் கடற்கரை ஊர்களில் இச்சிதைவு விரைவாக நடக்கும். தொடங்கிய சிதைவைத் திருப்ப முடியாது; குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்தால் வேகத்தைக் குறைக்கலாம். அமில ஆவி பக்கத்துச் சுருள்களையும் கெடுக்கும் என்பதால், வாடை அடிப்பவற்றை இன்றே தனியே பிரித்து, காற்றோட்டமில்லாத அந்தத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்து, அட்டைப் பெட்டிக்கு மாற்றுங்கள். 2011 டிசம்பரில் அந்தப் புயலின்போது நனைந்து, பின் தானாகக் காய்ந்த சுருள்களில் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். அவற்றைக் கையால் பிரித்தால் படிமம் உரிந்து வந்துவிடும். அப்படியே பயிற்சி பெற்றவர்களிடம் கொடுங்கள். 1964-இல் நிறுவப்பட்ட புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கும், மும்பையில் இயங்கும் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனுக்கும் எழுதி வழிகாட்டல் கேட்கலாம். பெட்டியின் மேல் அண்ணன் ஏதேனும் எழுதியிருந்தால், அது அழிவதற்குள் முதலில் அதைப் புகைப்படம் எடுத்துவையுங்கள்.

கேள்வி: மறைந்த நண்பரின் படங்களைப் பயன்படுத்திக்கொள்ள அவர் மனைவி வாய்மொழியாகச் சம்மதித்திருக்கிறார். அது போதுமா?
(ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: போதாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்தின் உரிமை தயாரிப்பாளருடையது. வெளியான படத்துக்கு அது 60 ஆண்டுகள் நீடிக்கும். சொந்தப் பணத்தில் எடுத்தவர் என்றால் அவரே தயாரிப்பாளர். அவருக்குப் பின் அது வாரிசுகளுக்குச் சேரும். மனைவியோடு பிள்ளைகளும் வாரிசுகளாக இருந்தால் அனைவரின் கையெழுத்தும் வாங்குங்கள். அனுமதிப் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். வெளிநாட்டு விழாக்களுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் இரண்டையும் தெளிவாக எழுதுங்கள். அவர் தம் படத்தில் சினிமாப் பாட்டைச் சேர்த்திருந்தால் அதற்குத் தனி அனுமதி வேண்டும். கையெழுத்துக் கேட்டால் அந்த அம்மா வருந்துவார் என்று தயங்காதீர்கள். எந்தெந்தக் காட்சிகளை எடுக்கப்போகிறீர்கள் என்பதைப் போட்டுக் காட்டிவிட்டுப் பத்திரத்தை நீட்டுங்கள்.