விண்டோஸ் ஹோமா, ப்ரோவா? பில்லைப் பாருங்கள்

கே: பள்ளி அலுவலகக் கம்ப்யூட்டரில் ஐந்தே நிமிடத்தில் திரை பூட்டிக்கொள்கிறது. லோக்கல் பாலிசியில் (அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டுமான விதிகள்) மாற்றினாலும் நிற்பதில்லை. டெக்னீஷியன் வரும்போதெல்லாம் 600 ரூபாய் வாங்குகிறார். (குன்னூர்)

ப: உங்கள் கம்ப்யூட்டர் சர்வரின் டொமைனில், அதாவது சர்வரிலிருந்தே நிர்வகிக்கப்படும் கம்ப்யூட்டர் கூட்டத்தில், சேர்ந்திருக்கிறது. அங்கே ஒரு விதி இருந்தால் லோக்கல் விதி எடுபடாது. சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை, விதி மாறியிருக்கிறதா என்று கம்ப்யூட்டர் சர்வரைப் பார்த்துக்கொள்ளும். சர்வரில் ஒரு தடவை மாற்றினால் போதும். அதைச் செய்யாதவருக்கு இனி 600 கொடுக்காதீர்கள்.

கே: ஆன்லைனில் 400 ரூபாய்க்கு விண்டோஸ் கீ வாங்கினேன். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஒரு புரோகிராமை ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினேன். ஆபத்தா? (கொடைக்கானல்)

ப: ஆபத்துதான். அணைக்கச் சொன்னபோதே நிறுத்தியிருக்க வேண்டும். வேறு கம்ப்யூட்டரிலிருந்து பேங்க் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

கே: ஜெராக்ஸ் கடைக்கு, ‘ப்ரோ’ என்று சொல்லி மூன்று கம்ப்யூட்டர் விற்றார்கள். வாடிக்கையாளர் பென் டிரைவைத் தடுக்கப் போனால், அதற்கு விதி போடும் குரூப் பாலிசியே இல்லை. (கோத்தகிரி)

ப: உங்களுக்கு வந்திருப்பது ஹோம், வீட்டு உபயோகத்துக்கான விண்டோஸ் எடிஷன். அதில் குரூப் பாலிசி எடிட்டரும் கிடையாது, லோக்கல் செக்யூரிட்டி பாலிசியும் கிடையாது, டொமைனிலும் சேராது. செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் போனால் பெயர் தெரியும். என் தம்பி கடைக்கு நான் வாங்கிக் கொடுத்ததிலும் இதே கதை. கார்பன் வைத்து எழுதிய பில்லில் ‘விண்டோஸ் உடன்’ என்று மட்டும் இருந்தது. எந்த விண்டோஸ் என்று நான் கேட்கவில்லை. ப்ரோவுக்குத் தனியாகப் பணம் கட்டினேன். அன்றிலிருந்து சொல்லி வருகிறேன்: எடிஷன் பெயர் பில்லில் இல்லாமல் காசை எடுக்காதீர்கள். அதை எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. எழுத மறுக்கிற கடைக்காரருக்கு விற்பது எது என்று நன்றாகத் தெரியும். உங்கள் மேல் தப்பில்லை. கொட்டேஷனிலோ வாட்ஸ்அப்பிலோ ‘ப்ரோ’ என்று இருந்தால் அதைக் காட்டி, மாற்றித் தரச் சொல்லுங்கள். ஹோமை அழிக்காமலே ப்ரோவாக உயர்த்தலாம். அந்தச் செலவு கடைக்காரருடையது. மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915, அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வியாபாரத்துக்கு வாங்கியது என்று தட்டிக்கழிப்பார்கள். பிழைப்புக்காக நீங்களே நடத்தும் கடை என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்களும் நுகர்வோர்தான்.

கே: பழைய லேப்டாப் வாங்கினேன். ‘உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்கிறது. (கூடலூர்)

ப: ஏதோ கம்பெனி கழித்துவிட்டது. விண்டோஸைப் புதிதாக ஏற்றிப் பாருங்கள். அதன் பிறகும் கம்பெனி லாகின் கேட்டால், அவர்கள் பதிவிலிருந்து இன்னும் நீக்கவில்லை என்று அர்த்தம். திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்குங்கள்.