கார்பன் மோனாக்சைடு இறங்கி மூன்று வாரம் கழித்து மறதி: வைட்டமின் போதுமா?

வணக்கம். கேஸ் கீசர் ஓடிய குளியலறையில் மயங்கி விழுந்த உங்கள் அண்ணனுக்கு ரத்தத்தில் கார்பாக்ஸிஹீமோகுளோபின் (கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபின்) 2 சதவீதத்துக்கு இறங்கியதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது மறதி, நடையில் தடுமாற்றம். வைட்டமின் சி, ஈ கொடுத்தால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். நாளைக்கே நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

2 சதவீதம் என்பது வாயு ரத்தத்தைவிட்டுப் போனதை மட்டுமே சொல்லும். சாதாரணக் காற்றில் 4–5 மணி நேரத்திலும், முகமூடி வழியே முழு ஆக்சிஜன் கொடுத்தால் சுமார் ஒன்றேகால் மணி நேரத்திலும் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகும். மூளையில் தொடங்கிய சேதம் அதோடு நிற்பதில்லை. இந்த வாயு பிளேட்லெட்டுகளிலிருந்து நைட்ரிக் ஆக்சைடை வெளித்தள்ளும். அது சூப்பராக்சைடு என்ற தீவிர ஆக்சிஜன் வடிவத்தோடு சேர்ந்து பெராக்ஸிநைட்ரைட் என்ற நச்சுப் பொருளாகி ரத்தக்குழாய்ச் சுவரைப் புண்ணாக்கும். அங்கே வெள்ளை அணுக்கள் ஒட்டி மைலோபெராக்ஸிடேஸ் நொதியைக் கொட்ட, கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடையும். அதன் சிதைபொருள், நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மைலின் உறையின் புரதத்தின் உருவத்தை மாற்றிவிட, நோயெதிர்ப்பு அணுக்களே அதைத் தாக்கும் (எலிகளில் தெளிவாகக் கண்டது இது). இதற்கெல்லாம் நாள் பிடிக்கும். 2 முதல் 40 நாள் கழித்து அறிகுறி வருவது இதனால்தான்.

மருத்துவரிடம் மயக்கம் எவ்வளவு நேரம், முதல் கார்பாக்ஸிஹீமோகுளோபின் அளவு, ஆக்சிஜன் கொடுத்த மணி நேரம் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். எம்.ஆர்.ஐ.யில் மூளையின் ஆழத்திலுள்ள குளோபஸ் பாலிடஸ் என்ற பகுதியையும், நரம்பிழைகள் ஓடும் வெண்பொருளையும் பார்ப்பார்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவுக் கருவி அன்று 98 காட்டியதைக் கணக்கில் எடுக்காதீர்கள். சாதாரணக் கருவிக்கு இந்த வாயு ஏறிய ஹீமோகுளோபினும் ஆக்சிஜன் ஏறியதாகவே தெரியும். வைட்டமின் இந்தப் பாதிப்பைத் தடுக்கும் என்று மனிதர்களில் நிரூபணம் இல்லை.

கீசரைக் குளியலறைக்கு வெளியே மாற்றும்வரை வீட்டில் வேறு யாரும் அதைப் போட வேண்டாம்.