உயில் எழுதிவைத்துவிட்டு பஸ் ஏறியவர்கள்

கேள்வி: அறுபதுகளில் அமெரிக்க இளைஞர்கள் நீளமுடி வளர்த்து, கஞ்சா அடித்து, தெருவில் கூச்சல் போட்டதைத்தான் சென்ற இதழில் ‘எழுச்சி’ என்று எழுதினீர்களா? வயிறு நிறைந்த வீட்டுப் பிள்ளைகளின் கட்டுப்பாடில்லாத ஆட்டம் அது. அதனால் யாருக்கு என்ன லாபம்? நியூஜெர்சியில் வேலை பார்க்கும் என் மகனும் இதையேதான் சொல்கிறான்.
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: நீளமுடியும் இருந்தது, கஞ்சாவும் இருந்தது. 1967 கோடையில் வீட்டைவிட்டு ஓடிவந்த பிள்ளைகள் சான் பிரான்சிஸ்கோவின் ஹெய்ட்-ஆஷ்பரி பகுதியில் குவிந்தார்கள். பலர் போதையில் சீரழிந்தார்கள். அதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் பத்து வருடக் கதையை அந்த ஒரு தெருமுனையில் நின்று பார்த்துவிட்டு, ‘இவ்வளவுதான்’ என்கிறீர்களே, அதுதான் எனக்கு வருத்தம். அந்தப் பத்தாண்டைத் தொடங்கிவைத்தவர்கள் தலையைப் படிய வாரி, சலவைச் சட்டையும் டையும் போட்டு, கையில் பாடப்புத்தகத்தோடு வந்தவர்கள்.

டென்னசி மாநிலத்தில் நாஷ்வில் என்று ஒரு நகரம். 1959-ல் அங்கே பெரிய கடைகளில் கறுப்பின மக்கள் துணி வாங்கலாம், பாத்திரம் வாங்கலாம். அதே கடைக்குள் இருக்கிற சாப்பாட்டுக் கவுண்டரில் உட்கார்ந்து ஒரு காபி குடிக்க முடியாது. காசு வாங்கும் கை காபி கொடுக்காது.

அந்த ஊருக்கு ஜேம்ஸ் லாசன் வந்து சேர்ந்திருந்தார். கொரியப் போர்க் காலத்தில் ராணுவத்தில் சேர மறுத்துச் சிறைக்குப் போனவர். அப்புறம் நம் நாட்டுக்கு வந்து, நாக்பூரில் ஹிஸ்லாப் கல்லூரியில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தவர். காந்தியின் வழியை இங்கேயே ஊன்றிப் படித்துக்கொண்டு திரும்பியவர். நாஷ்வில் தேவாலயம் ஒன்றில் கல்லூரி மாணவர்களுக்கு அவர் வகுப்பு எடுத்தார். நாற்காலிகளை வரிசையாகப் போட்டுச் சிலரை உட்காரவைப்பார்கள். மற்றவர்கள் வெள்ளைக்கார ரவுடிகளாக நடிப்பார்கள். வாயில் வராத வார்த்தை சொல்லித் திட்டுவது, முகத்தில் சிகரெட் புகையை ஊதுவது, நாற்காலியோடு கீழே தள்ளுவது எல்லாம் நடக்கும். உட்கார்ந்திருப்பவர் கை ஓங்கக் கூடாது. விழுந்தால் தலையை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது, பக்கத்தில் இருப்பவர் அடிபட்டால் எப்படிக் குறுக்கே விழுந்து மறைப்பது என்று வாரக்கணக்கில் பழகினார்கள். தாளில் அச்சடித்த விதிகளும் உண்டு: திருப்பி அடிக்காதே, நிமிர்ந்து உட்கார், எப்போதும் கவுண்டரைப் பார்த்தே இரு. கட்டுப்பாடு இல்லாத ஆட்டம் என்றீர்கள். இதைவிடக் கடுமையான கட்டுப்பாட்டை நான் அதிகம் படித்ததில்லை.

1960 பிப்ரவரி 1-ம் தேதி வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு மாணவர்கள் வுல்வொர்த் கடைக் கவுண்டரில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். கொடுக்கவில்லை. கடை மூடும்வரை அவர்கள் எழுந்திருக்கவும் இல்லை. இரண்டு வாரத்துக்குள் நாஷ்வில் மாணவர்களும் இறங்கிவிட்டார்கள். பிப்ரவரி 27 அன்று ஒரு கும்பல் உள்ளே புகுந்து அவர்களை இழுத்துப் போட்டு அடித்தது. போலீஸ் அடித்தவர்களை விட்டுவிட்டு, உட்கார்ந்திருந்தவர்களைக் கைது செய்தது. ஒரு வரிசை எழுந்து போலீஸ் வண்டிக்குப் போனதும், அடுத்த வரிசை வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது. அன்று மட்டும் சுமார் 80 பேர் கைதானார்கள். ஏப்ரலில் இவர்களுடைய வக்கீல் வீட்டில் குண்டு வெடித்தது. அன்றே ஆயிரக்கணக்கானவர்கள் வாய் பேசாமல் நகராட்சி மன்றத்துக்கு நடந்தார்கள். நிறத்தைப் பார்த்து ஒருவரை ஒதுக்குவது தவறுதானே என்று டயான் நாஷ் என்ற 21 வயது மாணவி மேயரை நேருக்கு நேர் கேட்டார். தவறுதான் என்று மேயரும் ஒப்புக்கொண்டார். மூன்றே வாரத்தில் கவுண்டர்கள் திறந்தன.

அடுத்த ஆண்டு, வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒன்றாகப் பயணம் செய்த பஸ் ஒன்றை அலபாமாவின் அனிஸ்டனில் கொளுத்தினார்கள். பயணம் அத்தோடு நின்றுவிடக் கூடாது என்று டயான் நாஷ் ஏற்பாடு செய்ய, நாஷ்வில் மாணவர்கள் அடுத்த பஸ்ஸில் ஏறினார்கள். அதில் பலர் முந்தின இரவே உயில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர்கள். இருபது வயதுப் பிள்ளைகள், ஐயா. அவர்களிடம் எழுதிவைக்க என்ன சொத்து இருந்திருக்கும் என்று எனக்கு இன்றும் தோன்றும்.

‘வயிறு நிறைந்த வீடு’ என்கிறீர்கள். லாசனின் வகுப்பில் படித்த ஜான் லூயிஸ் அலபாமாவில் குத்தகை விவசாயியின் மகன். 1965 மார்ச் 7 அன்று அலபாமாவின் செல்மா ஊர்ப் பாலத்தில் ஓட்டுரிமை கேட்டு நடந்தபோது, போலீஸ் தடியடியில் அவர் மண்டை உடைந்தது. அந்தக் காட்சியை அன்றிரவே நாடு முழுக்க டிவியில் பார்த்தார்கள். ஆகஸ்ட் 6-ல் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. மிசிசிப்பியில் அதற்கு முந்தின ஆண்டு ஓட்டுப் போடும் வயதுள்ள 100 கறுப்பினத்தவரில் 7 பேருக்குத்தான் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தது. மூன்று ஆண்டுகளுக்குள் அது 60-ஐ நெருங்கியது. லாபம் கேட்டீர்களே, இது ஒன்று.

வியட்நாம் விஷயத்தில் மட்டும் உங்கள் பேச்சில் பாதி நியாயம் உண்டு. கல்லூரியில் சேர்ந்தவன் கட்டாய ராணுவ அழைப்பைத் தள்ளிப்போட முடிந்தது. வசதியில்லாத வீட்டுப் பையன்தான் முதலில் போனான். ஆனாலும் அந்தப் போரை எதிர்த்தவர்கள் எல்லோரும் வசதிக்காரர்கள் என்று சொல்லாதீர்கள். 1967-ல் குத்துச்சண்டை வீரர் முகமது அலி ராணுவத்தில் சேர மறுத்தார். சாம்பியன் பட்டத்தைப் பறித்தார்கள், ஐந்து ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ய 1971 ஆயிற்று.

ரத்தமும் சிந்தியது. 1967-ல் டெட்ராய்ட் கலவரத்தில் மட்டும் 43 பேர் செத்தார்கள். அடுத்த ஆண்டு மெம்பிஸில், மழைக்கு ஒதுங்கிய இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் குப்பை லாரியின் இயந்திரத்தில் நசுங்கி இறந்தார்கள். ‘நான் ஒரு மனிதன்’ என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு 1,300 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்காகப் பேச மார்ட்டின் லூதர் கிங்கை அழைத்தவரும் அதே லாசன்தான். ஏப்ரல் 4 அன்று கிங்கை அங்கேதான் சுட்டுக் கொன்றார்கள். 12 நாள் கழித்துத் தொழிலாளர்களின் சங்கத்தை நகர நிர்வாகம் ஏற்றுக்கொண்டது.

சரி, உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். 1946-லிருந்து இந்தியாவுக்கு அமெரிக்கா வைத்திருந்த குடியேற்ற ஒதுக்கீடு ஆண்டுக்கு வெறும் 100 பேர். ஐரோப்பாவுக்கு அகலக் கதவு, ஆசியாவுக்கு ஊசித்துளை. பிறந்த நாட்டைப் பார்த்து ஆளை ஒதுக்கும் அந்த ஏற்பாட்டை நீக்கிய சட்டம் 1965 அக்டோபர் 3 அன்று கையெழுத்தானது. வாக்குரிமைச் சட்டத்தை நிறைவேற்றிய அதே அமெரிக்க நாடாளுமன்றம், கையெழுத்திட்ட அதே அதிபர் ஜான்சன், இடையில் இரண்டு மாதம்கூட இல்லை. உள்நாட்டில் நிறத்தை வைத்து ஒதுக்குவது தவறு என்று சட்டம் போட்ட பிறகு, வாசலில் மட்டும் அதை வைத்துக்கொள்ள அவர்களால் முடியவில்லை. நம் ஊர் டாக்டர்களும் என்ஜினீயர்களும் கூட்டம் கூட்டமாக அங்கே குடியேறியது அதற்குப் பிறகுதான்.

கிரீன்ஸ்பரோ கவுண்டரின் ஒரு பகுதியையும் நான்கு ஸ்டூல்களையும் வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். நியூஜெர்சியிலிருந்து காரில் நான்கு மணி நேரம் இருக்கும். நுழைவுக் கட்டணம் கிடையாது. அடுத்த முறை மகன் வீட்டுக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.