பட்டறைப் பதில்கள்: கிரைண்டரைப் பூட்டி வையுங்கள்

கேள்வி: அப்பா வாங்கிய 1964 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு வண்டி. பத்து வருடம் கொட்டகையில் நின்றதை வெளியே எடுத்தோம். பாடியைச் சேசிஸிலிருந்து (அடிச்சட்டத்திலிருந்து) தூக்கித் துரு நீக்கி, மறுபடி இறக்கிப் பெயிண்டும் அடித்தாகிவிட்டது. இப்போது வலது கதவின் பின்விளிம்பு மேலே உரசுகிறது. கீழே சுண்டுவிரல் நுழைகிறது. பானட்டின் (இன்ஜின் மூடியின்) பின்விளிம்பு இடப்பக்கம் இடிக்கிறது, வலப்பக்கம் விலகி நிற்கிறது. கதவு விளிம்பில் இரண்டு மில்லிமீட்டரை கிரைண்டரால் எடுத்துவிடலாம் என்கிறார் பெயிண்டர். எடுக்கலாமா?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: முதலில் அந்த கிரைண்டரை வாங்கிப் பூட்டி வையுங்கள். பிறகு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். பாடியைத் தூக்கியபோது ஒவ்வொரு போல்ட்டுக்கும் அடியில் தகட்டுத் துண்டுகளும் வாசர்களும் இருந்திருக்குமே, அவை எங்கே? உங்கள் கடிதத்தில் அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எல்லாவற்றையும் அள்ளி ஒரு பால்பவுடர் டப்பாவில் போட்டிருப்பார்கள். இறக்கும்போது கைக்கு வந்ததைச் செருகியிருப்பார்கள். பெரும்பாலும் அதுதான் நடக்கும்.

ஹெரால்டு மற்ற வண்டிகளைப் போன்றதில்லை. 1950-களில் இங்கிலாந்தில் பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த நிறுவனம் போட்டிக்காரர் கைக்குப் போய்விட்டது. ஹெரால்டைத் தயாரித்த ஸ்டாண்டர்டு டிரையம்ப் நிறுவனத்துக்கு முழு பாடியை ஒரே இடத்தில் அடித்து வாங்க வழியில்லை. அதனால் தனிச் சேசிஸ், அதன் மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டுப் பூட்டும் பாடி என்று முடிவு செய்தார்கள். இத்தாலியரான மிக்கலாட்டி வரைந்த வண்டி அங்கே 1959-இல் வந்தது. நம் சென்னையில் தயாரிப்பு 1961-இல் தொடங்கியது. பாடியின் முன்பாதியாக முன்தொட்டி ஒன்று, பின்பாதியாகப் பின்தொட்டி ஒன்று, இரண்டும் நடுவில் சேரும். கூரைகூடப் போல்ட்டில்தான் நிற்கிறது. கதவு தொங்குவது முன்தொட்டியில்; அது போய்ப் பூட்டுவது பின்தொட்டியில். இரண்டில் ஒன்று ஓர் இழை சாய்ந்தாலும் கதவு காட்டிக்கொடுத்துவிடும். கதவைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

உங்கள் வண்டியில் மேலே நெருக்கம், கீழே அகலம். அப்படியென்றால் வலப்பக்கம் நடுப்பகுதி தாழ்ந்திருக்கிறது. இரண்டு தொட்டியும் அங்கே உள்நோக்கி மடிகின்றன. அதே காரணத்தால் கண்ணாடிக்கு முன்னால் உள்ள தகடும் வலப்பக்கம் பின்னுக்குப் போகும். பானட் அங்கே விலகி நிற்பது அதனால்தான். அந்த இடைவெளியைக் குறைக்க யாரோ பானட்டைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப் பூட்டியிருக்கிறார்கள். உடனே இடப்பக்கம் இடிக்கத் தொடங்கிவிட்டது. இரண்டு கோளாறு என்று நினைத்தீர்கள், இருப்பது ஒன்றுதான்.

வேலையை இப்படிச் செய்யுங்கள். சமதளத் தரையில், நான்கு சக்கரமும் தரையில் பட, இன்ஜின் உள்ளே இருக்க வண்டியை நிறுத்துங்கள். ஜாக்கி மேல் வைத்து இடைவெளி பார்ப்பதும், உட்கார்ந்துகொண்டு பேன்ட்டுக்கு அளவு எடுப்பதும் ஒன்று. பானட்டை முழுதாகக் கழற்றி ஓரமாக வையுங்கள். அது கடைசி வேலை. வலப்பக்கம் சேசிஸிலிருந்து வெளியே நீளும் கைகளைச் சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். கணீரென்றால் சரி. சொத்தைத் தேங்காயைத் தட்டியது போல் கேட்டால் உள்ளே துரு தின்றிருக்கிறது. அதை மாற்றாமல் மேலே எதைச் செய்தாலும் ஆறு மாதம்தான்.

கைகள் நன்றாக இருந்தால் கூரை போல்ட்டுகளையும் தொட்டி போல்ட்டுகளையும் தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். வலப்பக்க நடு போல்ட்டுகளின் கீழ் ஒரு மில்லிமீட்டர் தகடு ஒன்று செருகி, இறுக்கி, கதவைச் சாத்திப் பாருங்கள். பிறகு இன்னொன்று. ஒரே மூச்சில் மூன்று தகடு செருகுகிறவர்களை என் பட்டறையில் டீ வாங்க அனுப்பிவிடுவேன். பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும்: பின்தொட்டி, பிறகு கதவு, அதன் பிறகு கதவுக்கு அடியில் ஓடும் நீளத் தகடு, கடைசியில் பானட். பானட்டின் முன்கீலில் உயரத்துக்கும் முன்பின் நகர்த்தவும் இடம் விட்டிருக்கிறார்கள். பின்விளிம்பு உட்காரும் ரப்பர் கூம்புகளையும் பாருங்கள். தேய்ந்து தட்டையாகியிருந்தால் புதிதாகப் போட்ட பிறகு உயரத்தைச் சரிபாருங்கள்.

இடைவெளி பார்க்க என்னிடம் விலை உயர்ந்த கருவி எதுவும் இருந்ததில்லை. 5 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு துண்டு, நடுவில் கைப்பிடியாக ஓர் ஆணி. கதவைச் சுற்றி அதை ஓட்டிக்கொண்டே போவேன். எங்கே சிக்குகிறதோ அங்கே சாக்பீஸ் கோடு, எங்கே ஆடுகிறதோ அங்கே வட்டம். ஒரு சுற்று முடிந்தால் வண்டியின் வியாதி முழுவதும் சாக்பீஸில் எழுதியிருக்கும்.

1981-இல் நானும் உங்கள் பெயிண்டர் சொன்னதைத்தான் செய்தேன். கல்யாண ஊர்வலத்துக்கு மறுநாள் வண்டி வேண்டும் என்றார்கள். ஹெரால்டு கதவின் விளிம்பை அரத்தால் தேய்த்துக் கொடுத்துவிட்டேன். அடுத்த மழைக்காலத்தில் சேசிஸ் கை உடைந்து புதுக்கை போட்டபோது பாடி தன் இடத்துக்கு எழுந்துகொண்டது. நான் தேய்த்த இடத்தில் கட்டைவிரல் நுழைந்தது. வேறு கதவு தேடி அலைந்து, என் காசில் மாட்டிக் கொடுத்தேன். உங்கள் பெயிண்ட் ஓரிரு இடத்தில் பெயரத்தான் செய்யும். பொருத்திப் பார்க்காமல் பெயிண்ட் அடித்ததற்கு அது கூலி.

கேள்வி: எங்களுடைய மொரிஸ் மைனரின் இரண்டு பக்கமும் கதவுக்கு அடித்தகடு துருப்பிடித்திருந்தது. கராஜில் வெட்டி எடுத்துப் புதிது வெல்டிங் செய்தார்கள். அதற்குப் பிறகு ஒரு கதவும் ஒழுங்காகச் சாத்துப்படவில்லை. புதிய தகட்டில் பிழையா?
— ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: தகட்டில் பிழை இருக்காது, அம்மா. இங்கிலாந்து மைனர்களுக்கே உங்கள் நாட்டில் அடித்த தகடுகள் போயிருக்கின்றன. மைனருக்கு ஹெரால்டைப் போலத் தனிச் சேசிஸ் கிடையாது. அந்த அடித்தகடுதான் அதன் முதுகெலும்பு. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெட்டினால், சக்கரங்களுக்கு நடுவில் வண்டி தொட்டில் போலத் தொய்யும். தொய்ந்த நிலையிலேயே வெல்டிங் வைத்தால் அந்தத் தொய்வு நிரந்தரமாகிவிடும். கதவின் மேற்பக்கம் நெருங்கி, பூட்டு நாக்கு தன் குழிக்குக் கீழேயோ மேலேயோ போய் முட்டுகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் நான் சொன்னதுதான்.

கீலை நகர்த்திச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு பக்க வெல்டிங்கைப் பிரிக்க வேண்டும். நடுவில் நீளமான மரக்கட்டை வைத்து ஜாக்கியால் இழை இழையாகத் தூக்கி, கதவைத் தொங்கவிட்டபடியே இடைவெளி சமமாகும் வரை பார்க்க வேண்டும். கீல் தூணுக்கும் பூட்டுத் தூணுக்கும் இடையே ஓர் இரும்புச் சட்டத்தைத் தற்காலிகமாகப் பற்ற வைத்துவிட்டு, அடித்தகட்டுக்கு முதலில் பொட்டு பொட்டாக மட்டும் வெல்டிங். கதவைப் பத்து முறை சாத்திப் பார்த்த பிறகே முழு வெல்டிங். அந்தப் பக்கம் முடிந்த பின்தான் மறுபக்கத்தைத் தொட வேண்டும். செலவுதான், தெரிகிறது. ஆனால் வண்டியை நடுவில் வெட்டுவது மைனருக்குப் புதிதில்லை. அதை வடிவமைத்த இசிகோனிஸ், வண்டி ஒடுங்கலாக இருப்பதாகக் கருதி, மாதிரி வண்டியை நெடுக இரண்டாக அறுத்து 4 அங்குலம் அகலப்படுத்தினார். பானட்டின் நடுவில் ஓடும் அந்தத் தட்டையான பட்டை அதன் தழும்புதான்.

கேள்வி: எங்கள் 1986 அம்பாசடரின் டிரைவர் கதவைத் திறந்தால் கீழே இறங்குகிறது, சாத்தும்போது தூக்கித்தான் சாத்த வேண்டியிருக்கிறது. மெக்கானிக் கதவுக்கு நடுவில் மரக்கட்டை கொடுத்து வளைத்துத் தருகிறேன் என்கிறார்.
— ஒரு வாசகர், கோவை

பதில்: கதவைப் பாதி திறந்து, பூட்டுப் பக்கத்தைக் கையால் மேலே தூக்கி விடுங்கள். கீலில் டக்கென்று ஆட்டம் தெரிந்தால் கீல் ஊசி தேய்ந்திருக்கிறது. ஊசியை மாற்றுங்கள், அம்பாசடர் சாமான் சென்னை புதுப்பேட்டையில் இன்னும் கிடைக்கிறது. ஊசியில் ஆட்டமே இல்லாமல் கதவு இறங்கினால் கீல் பூட்டியிருக்கும் தூண் கிழிந்திருக்கும். அது வெல்டிங் வேலை. மரக்கட்டை வைத்தியம் இரண்டுக்கும் மருந்தில்லை.

கேள்வி: பெயிண்டுக்கு முன்னால் எல்லாம் சரியாக இருந்தது. கதவில் புது பீடிங் ஒட்டியதும் கதவு வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. ஏன்?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: புது ரப்பர் தடிமன். அதனால்தான் இடைவெளி பார்க்கும்போதே பீடிங்கை மாட்டிப் பார்க்க வேண்டும் என்கிறேன். பீடிங் முழுவதும் சாக்பீஸ் தேய்த்துக் கதவைச் சாத்தித் திறவுங்கள். பாடியில் எங்கே சாக்பீஸ் பட்டை பட்டையாக ஒட்டியிருக்கிறதோ அங்கே அழுத்தம் அதிகம். இரண்டு வாரம் கதவை இறுகச் சாத்தி வெயிலில் நிறுத்துங்கள், ரப்பர் கொஞ்சம் படியும். படியாவிட்டால் மெலிந்த பீடிங் தேடுங்கள். பூட்டுத் தகட்டை உள்ளே தள்ளி இழுத்துப் பிடிக்க வேண்டாம். கதவைச் சாத்த ஆள் வைக்க வேண்டிவரும்.

கேள்வி: கண்காட்சி வண்டிகளில் பார்ப்பதைப் போல என் ஃபியட்டிலும் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் இடைவெளிதான் வேண்டும். பட்டி வைத்து விளிம்பைக் கட்டிக்கொள்ளலாமா?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: கண்காட்சி வண்டி டிரெய்லரில் வருகிறது, டிரெய்லரில் போகிறது. உங்கள் ஃபியட் வேகத்தடை ஏறி இறங்கும். மூன்றில் அது உரசும். உரசினால் முதலில் உதிர்வது விளிம்பில் கட்டிய பட்டிதான். ஐந்து வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இடங்களில் பட்டி எவ்வளவு கனம் என்று பார்க்க, மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைக் கதவின் மேல் ஓட்டுங்கள். வழுக்கி விழும் இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, அடுத்த மாதம் எத்தனை குறி என்று எனக்கு எழுதுங்கள்.