குழந்தைக்கு நரம்பு ஊசி போட்டால்தான் மருந்து வெரசாக் கேட்குமா?

பாளையங்கோட்டையில் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தவள் நான். அம்பாசமுத்திரம் பக்கத்து ஆச்சி ஒருவர் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு இதையேதான் கேட்டார்: "தொடையில குத்துனா எப்பம் ரத்தத்துல போய்ச் சேரும்? நரம்புலயே போடும்மா, வெரசாக் கேக்கும்லா."

நரம்பு ஊசி என்பது நாம் வைத்த பெயர். மருந்து போவது ரத்தக்குழாயில். நிஜமான நரம்பு ஒன்று புட்டத்தில் ஓடுகிறது. அதில் பட்டுவிடக் கூடாதென்றுதான் கைக்குழந்தைக்குத் தொடையின் முன்பக்க ஓரத்தில் போடுகிறோம்.

ரத்தக்குழாயில் ஏற்றினால் மருந்து அப்போதே ரத்தத்தில். சதையில் போட்டால் ஊறி ஊறித்தான் போகும். ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து ரத்தத்தில் உச்ச அளவுக்கு வர அரை மணி முதல் ஒரு மணி நேரம். இன்னொரு கிருமிக்கொல்லியான செஃப்ட்ரியாக்சோனுக்கு இரண்டு மூன்று மணி. ஆனால் தாமதமே தவிர நஷ்டமில்லை, கிட்டத்தட்ட முழு மருந்தும் ரத்தத்துக்கு வந்துவிடும். பால் குடித்துச் சிரிக்கிற பிள்ளைக்கு அந்த இரண்டு மணி நேரம் பெரிய விஷயமே இல்லை.

கைகால் சில்லிட்டுத் துவண்டு கிடக்கும் பிள்ளை என்றால் கதை வேறு. உடம்பு ரத்தத்தை மூளைக்கும் இருதயத்துக்கும் ஒதுக்கிவிட்டுச் சதைக்குக் குறைத்துவிடும். மருந்து குத்தின இடத்திலேயே கிடக்கும். அப்போது ரத்தக்குழாய்தான்.

எந்த வழியில் போனாலும் ஜென்டாமைசினை வெளியேற்றுவது சிறுநீரகம். பச்சைப்பிள்ளைக்கு அது இன்னும் முதிர்ந்திருக்காது. மருந்து உடம்பில் அதிக நேரம் தங்கும். அதனால் குறைமாதக் குழந்தைக்கு அடுத்த ஊசி 36 மணி, 48 மணி கழித்துக்கூட இருக்கும். "நேத்து ஊசியை மறந்துட்டியளா சிஸ்டர்?" என்று கேட்காத தாய் குறைவு.

மெதுவாகப் போவதே வேலையாக உள்ள மருந்தும் உண்டு. ருமாட்டிக் காய்ச்சல் (தொண்டைப் புண்ணுக்குப் பின் வந்து மூட்டையும் இருதயத்தையும் தாக்கும் நோய்) வந்த பிள்ளைகளுக்கு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சத்தீன் பென்சிலின் சதைக்குள் தங்கிக் கொஞ்சங்கொஞ்சமாகக் கசியும். அதைத் தப்பித்தவறி ரத்தக்குழாயில் ஏற்றினால் இருதயமே நின்றுபோகலாம்.

ஆச்சியின் பேரனுக்கு டாக்டர் எழுதியது செஃப்ட்ரியாக்சோன், தொடையில். வலிக்கிற ஊசி என்பதால் மரப்பு மருந்து கலந்து போட்டோம் (அப்படிக் கலந்ததை ரத்தக்குழாய்ப் பக்கமே கொண்டுபோகக் கூடாது). அப்படியும் பயல் வீறிட்டான். ஆச்சி வாசல்வரை என்னை ஏசிக்கொண்டே போனார்.