சுரங்கம் கெடுத்த மண்ணுக்குக் கரி போடலாமா? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, சுரங்கக் கழிவு கிடக்கும் மண்ணில் பயோசார் போட்டால் ஈயமும் காட்மியமும் போய்விடுமா?

பதில்: போகாது. அவை அங்கேயேதான் இருக்கும். பயோசார் என்பது மரத்தையோ உமியையோ காற்று அதிகம் புகாமல் சுட்டு எடுக்கும் கரி. அதில் நுண்துளைகள் ஏராளம். பெரும்பாலும் காரத்தன்மையும் உண்டு. மண்ணின் புளிப்பு குறைந்தால், நீரில் கரைந்து வேருக்குள் போகக்கூடிய உலோகம் கரியிலும் மண்ணிலும் ஒட்டிக்கொள்ளும். புல்லும் மரமும் பிழைக்க அது உதவும். அதற்காக அங்கே கீரை போட்டுவிடாதீர்கள்!

கேள்வி: எங்கேயாவது செய்து பார்த்திருக்கிறார்களா?

பதில்: அமெரிக்காவில் ஒரெகன் மாநிலத்தின் ஃபார்மோசா சுரங்கத்தைச் சொல்லலாம். செம்பும் துத்தநாகமும் எடுத்த இடம். கடைசியாக 1990 முதல் 1993 வரை தோண்டினார்கள். விட்டுப்போன கழிவுப்பாறையில் இருந்த பைரைட் என்ற இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம், காற்றும் மழையும் பட்டுக் கந்தக அமிலத்தை உண்டாக்கியது. அந்த அமிலம் உலோகங்களைக் கரைத்து ஓடைகளில் சேர்த்தது. 2007இல் அரசு அதை சூப்பர்ஃபண்ட் பட்டியலில், அதாவது சுத்தப்படுத்த வேண்டிய நச்சுக் கழிவு இடங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்தக் கழிவில் ஆய்வாளர்கள் கரியோடு சுண்ணாம்பு, கழிவுநீர்க் கசடு உரம், உள்ளூர் மண்ணின் நுண்ணுயிர்கள் எல்லாம் கலந்து செடி வளர்த்துப் பார்த்தார்கள். வெறும் கரியை மட்டுமே நம்பி அவர்கள் இறங்கவில்லை, கவனியுங்கள். பைரைட் தீரும்வரை அமிலம் ஊறிக்கொண்டே இருக்கும். கரியில் உள்ள காரமோ சீக்கிரம் தீர்ந்துவிடும். சுண்ணாம்பு இல்லாமல் அந்த மாதிரி மண்ணை மீட்க முடியாது என்பதே என் கருத்து.

கேள்வி: எங்கள் மண்ணில் ஆர்செனிக் இருக்கிறது. போடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஈயத்தைப் பிடித்துவைக்கும் அதே கரி ஆர்செனிக்கை அவிழ்த்துவிடக்கூடும். காரம் ஏறினால் அது எளிதில் கரையும். சாணக்கரி, கோழி எருக்கரி போன்றவற்றில் பாஸ்பேட் அதிகம்; அது ஆர்செனிக்கின் இடத்தைப் பிடித்துக்கொண்டு அதை வெளியே தள்ளும். கிணற்று நீர் வரை போகும் ஆபத்து இது. ஆய்வகத்தில் மண்ணைச் சோதிக்காமல் ஒரு கூடைகூடக் கொட்டாதீர்கள்.

கேள்வி: அண்ணா, ராமநாதபுரம் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கும் சீமைக்கருவேலங்கரி ஆகுமா?

பதில்: ஆகும் தம்பி. பொடித்துத் தொழுவுரத்தோடு சில வாரம் ஊறப்போடுங்கள். வெறும் கரி தழைச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெயின்ட் அடித்த மரம், மருந்தேற்றிய மரம் மட்டும் வேண்டாம், அதிலேயே நஞ்சு இருக்கலாம்.

கேள்வி: ஏக்கருக்கு எவ்வளவு?

பதில்: ஓர் ஏக்கரில் மேல்மண் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுமார் 850 டன் இருக்கும். 2 சதவீதம் கலக்க வேண்டுமென்றாலே 17 டன் கரி. செலவு பெரிது. அதனால் முதலில் தொட்டியில் பாருங்கள்: கிலோ மண்ணுக்கு 10, 20, 50 கிராம் என்று தனித்தனியாகக் கலந்து, கரி போடாத தொட்டி ஒன்றும் வைத்து, புல் விதையுங்கள். வளர்ந்த புல்லையும் வடியும் நீரையும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அப்புறம் கரி வாங்கலாம்.